ஊதியக் கோரிக்கை இயக்கம் நடத்துவது எப்படி? ஆசிரியர் சங்க வட்டாரப் பொறுப்பாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

வட்டாரச் செயலாளராகப் புதிதாகப் பொறுப்புக்கு வருபவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே பிளக்ஸ் அடிக்கக் கொடுத்துவிடுகிறார்கள், அடுத்த வாரம் ஆர்ப்பாட்டத் தேதி அறிவிக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், எந்த அரசாணையில் கோளாறு, யார் கையெழுத்திட்டால் அது சரியாகும் என்ற கேள்விகள் மேடை ஏறிய பிறகுதான் எழுகின்றன. அதற்குள் நிதி கரைந்துவிடும், வந்தவர்களின் உற்சாகமும் வடிந்துவிடும்.

ஊதிய இயக்கத்தில் வரிசைதான் முக்கியம். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குத் தேவையான காகிதத்தைத் தர வேண்டும். மனு கொடுத்த ஒப்புகை இல்லாமல் ஆர்ப்பாட்டம் நடத்தினால், "எங்களிடம் யாரும் கேட்கவே இல்லையே" என்று அலுவலகம் ஒரே வரியில் முடித்துவிடும்.

தமிழ்நாட்டின் அரசு, ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டது. உதவிபெறும் பள்ளிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். தனியார் பள்ளி ஆசிரியர்களின் பாதை வேறு; அதை 2-ஆம் பகுதியில் சுருக்கமாகப் பார்க்கலாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சங்கத்தின் பதிவுச் சான்று நகல், நடப்பு நிர்வாகிகள் பட்டியல், கடைசிப் பொதுக்குழுத் தீர்மானத்தின் நகல், சந்தா ரசீது புத்தகம், வரவு செலவுப் பதிவேடு. இந்த ஐந்தும் ஒரே கோப்பில் இருக்கட்டும். 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கமாக இருந்தால், ஆண்டுக் கணக்கும் நிர்வாகிகள் மாற்றமும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேச்சுக்கு அழைக்கும் நேரத்தில் "உங்கள் சங்கத்தின் பதிவு நடப்பில் இருக்கிறதா?" என்று கேட்டு வாசலிலேயே நிறுத்திவிட முடியும்.

1. கோரிக்கையை எண்ணாக மாற்றுங்கள்

"ஊதிய முரண்பாட்டைக் களை" என்பது முழக்கம். கோரிக்கை என்றால் அதில் அரசாணை எண், தேதி, ரூபாய், ஆட்கள் எண்ணிக்கை நான்கும் இருக்க வேண்டும்.

இடைநிலை ஆசிரியர் ஊதியப் பிரச்சினையையே எடுத்துக்கொள்வோம். நிதித்துறையின் 1.6.2009 தேதியிட்ட அரசாணை எண் 234-ஐ ஒட்டி ஒரே பணிக்கு இரண்டு ஊதியம் உருவானது. 31.5.2009 வரை நியமிக்கப்பட்டவரின் பழைய அடிப்படை ஊதியம் 4,500 ரூபாய், 1.86-ஆல் பெருக்கப்பட்டு 8,370 ஆனது. மறுநாள், அதாவது 1.6.2009 முதல் நியமிக்கப்பட்டவர் 5,200-இல் தொடங்கினார். அடிப்படையோடு சேரும் தர ஊதியம் இருவருக்கும் 2,800. ஒரே வகுப்பு, ஒரே பாடநூல், ஒரே கல்வித் தகுதி. வித்தியாசம் 3,170 ரூபாய்.

இதோடு நிறுத்திவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. கேட்பவர் "மூவாயிரம்தானே" என்பார். அந்த 3,170 எப்படி வளர்கிறது என்பதைத் தாளில் போட்டுக் காட்ட வேண்டும்.

முதல் ஆண்டு ஊதிய உயர்வு 3 சதவீதம். மூத்தவருக்கு, தர ஊதியத்தையும் சேர்த்த 11,170-இல் 3 சதவீதம் 335.10, பத்து ரூபாய்க்கு முழுமையாக்கினால் 340. இளையவருக்கு 8,000-இல் 240. ஒரே ஆண்டில் இடைவெளி 3,270 ஆகிவிட்டது. பிறகு ஒவ்வோர் ஆண்டும் விரிந்துகொண்டே போகும்.

அகவிலைப்படி அடிப்படை ஊதியத்தின் சதவீதமாக வருவதால் அது இடைவெளியையும் சேர்த்தே பெருக்கும். 2016 ஜனவரியில் அகவிலைப்படி 125 சதவீதமாக இருந்தபோது, தொடக்க வித்தியாசமான 3,170 மட்டுமே கையில் 7,132 ரூபாய்க்கு மேல் வித்தியாசமாக நின்றது. 11.10.2017 தேதியிட்ட அரசாணை எண் 303-இன்படி 2.57-ஆல் பெருக்கியபோது அது 8,147 ரூபாயாக அடிப்படை ஊதியத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. 8,000-ஐ 2.57-ஆல் பெருக்கினால் 20,560. ஊதிய நிலை 10-இன் தொடக்கமான 20,600 அங்கிருந்து வந்ததுதான். அடுத்த ஊதியக்குழு எந்தப் பெருக்கெண் கொடுத்தாலும் இந்த இடைவெளியையும் சேர்த்துத்தான் பெருக்கும்.

இந்தக் கணக்கை ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில் தயார் செய்யுங்கள். கற்பனைப் பெயர்கள் வேண்டாம். உங்கள் வட்டாரத்திலேயே மே 2009-இலும் ஜூன் 2009-க்குப் பிறகும் சேர்ந்த இருவரின் ஊதியச் சீட்டுகளை, அவர்கள் சம்மதத்தோடு, பெயரையும் பணியாளர் எண்ணையும் மறைத்து இணையுங்கள். ஒரே மாதத்துச் சீட்டாக இருக்க வேண்டும். ஒருவருடையது ஜூன், இன்னொருவருடையது ஆகஸ்ட் என்றால் இடையில் அகவிலைப்படி மாறியிருக்கலாம், கணக்கு அங்கேயே உடையும். தேர்வுநிலை, சிறப்புநிலை (ஒரே பதவியில் நீண்ட காலம் இருப்பதற்காகக் கிடைக்கும் கூடுதல் ஊதிய நிலைகள்) வாங்கியவரையும் வாங்காதவரையும் ஒப்பிடாதீர்கள். நிதித்துறையில் இருப்பவர் முதலில் தேடுவது இந்த ஓட்டையைத்தான்.

பணிச்சூழல் கோரிக்கைக்கும் எண் உண்டு. "எமிஸ் பதிவுச் சுமை தாங்க முடியவில்லை" என்று எழுதினால் யார் மனத்திலும் தைக்காது (எமிஸ் என்பது பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் கல்வித்துறையின் இணையதளம்). பத்துப் பள்ளிகளில் தொடர்ந்து பத்து வேலை நாட்கள், ஒவ்வோர் ஆசிரியரும் கற்பித்தல் அல்லாத வேலைக்கு எத்தனை நிமிடம் போயிற்று என்று ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். நாள், வேலை, யார் கேட்டது, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அப்போது வகுப்பில் யார் இருந்தார் என ஆறு கட்டங்கள் போதும். அன்றன்றே எழுத வேண்டும். வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் எல்லா நாளும் 60 நிமிடம் என்று வரும், யாரும் நம்பமாட்டார்கள்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 27-ஆவது பிரிவு, பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகியவை தவிரக் கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. குறிப்பேட்டில் உள்ள ஒவ்வொரு வேலையையும் இந்த மூன்றில் அடங்குமா என்று பிரியுங்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணியைச் சட்டவிரோதம் என்று எழுதிவிடாதீர்கள், அது தேர்தல் பணிக்குள் வரும். அதில் கேட்க வேண்டியது, பள்ளி நேரத்தில் விடுவிப்பு, ஈராசிரியர் பள்ளியில் இருவரையும் ஒரே நேரத்தில் போடாமல் இருப்பது போன்றவற்றைத்தான்.

ஆசிரியர் எண்ணிக்கைக்கும் இதே சட்டத்தின் அட்டவணையைப் பயன்படுத்துங்கள். 1 முதல் 5 வகுப்புகளில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. பணியாளர் நிர்ணயம் ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துச் செய்யப்படுவதால், உங்கள் பட்டியலும் அதே தேதி எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ஜூன் எண்ணிக்கையோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

2. எந்தக் கோரிக்கை யார் மேசைக்கு?

எல்லாக் கோரிக்கைகளையும் ஒரே மனுவில் வரிசையாக அடுக்கி வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுப்பதுதான் அதிகம் நடக்கிற தவறு. அவரால் ஊதிய விகிதத்தை மாற்ற முடியாது. "மேலிடத்துக்கு அனுப்பிவைக்கிறேன்" என்பார். அந்த ஒரே வாக்கியத்தில், அவரே செய்யக்கூடிய ஐந்து வேலைகளும் சேர்ந்து மேலிடத்துக்குப் போய்விடும்.

கோரிக்கைகளை நான்கு குவியலாகப் பிரியுங்கள். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் முடிவது: விடுபட்ட ஆண்டு ஊதிய உயர்வு, நிலுவைத் தொகைப் பட்டியல், பணிப்பதிவேட்டில் பதிவு, ஈட்டிய விடுப்புக் கணக்கு, களஞ்சியத்தில் (அரசின் இணையவழி ஊதியப் பட்டியல் மென்பொருள்) உள்ள பிழைத் திருத்தம். மாவட்ட அளவில் முடிவது: மாற்றுப்பணி ஆணைகள், பயிற்சி மையம் எங்கே என்பது, தேர்வுநிலை ஆணைகளின் தேக்கம். இயக்ககத்தில் முடிவது: கலந்தாய்வு விதிகள், பணிநிரவல் (உபரி ஆசிரியரைத் தேவையுள்ள பள்ளிக்கு மாற்றுவது), பதவி உயர்வுப் பட்டியல். அரசு அளவில் முடிவது: ஊதிய விகிதம், ஓய்வூதியம், புதிய பணியிடம், இவற்றில் பள்ளிக் கல்வித்துறை பரிந்துரைத்தாலும் நிதித்துறையின் ஒப்புதல் இல்லாமல் எதுவும் நகராது.

முதல் குவியலை முதலில் எடுங்கள். மூன்று மாதத்தில் பத்துப் பேருக்கு நிலுவை வாங்கிக் கொடுத்த சங்கம் அழைத்தால் நூறு பேர் வருவார்கள். ஊதிய விகிதம் கிடைக்க ஆண்டுகள் ஆகலாம். அதுவரை உறுப்பினர்களைச் சேர்த்துவைத்திருப்பது இந்தச் சின்ன வேலைகள்தான்.

தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்தப் படிக்கட்டு இல்லை. அப்போதைய தொழிற்தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் 'தொழிலாளர்' ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 1988-இல் சுந்தராம்பாள் வழக்கில் கூறிவிட்டதால், தொழிலாளர் நீதிமன்றம் போகலாம் என்று யாருக்கும் ஆசைகாட்டாதீர்கள். ஆனால் பணிக்கொடை அவர்களுக்கு உறுதியாக உண்டு. பணிக்கொடைச் சட்டத்தில் 2009-இல் செய்த திருத்தம் 3.4.1997 முதல் ஆசிரியர்களையும் சேர்த்தது, 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணிபுரிந்த ஆண்டுகளால் பெருக்கினால் வரும் தொகை அது. தனியார் பள்ளி ஆசிரியரை அமைப்பாக்க நினைப்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். அதற்கு நியமன ஆணையும், வங்கியில் ஊதியம் வரவானதற்கான சான்றும் வேண்டும். ரொக்கமாக வாங்கிக் கையெழுத்துப் போடும் பள்ளியில், அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் படம்கூட நாளை உதவும்.

3. பள்ளிவாரிப் பட்டியல்

வட்டாரத்தில் உள்ள எல்லாப் பள்ளிகளையும் குறுவள மையம் (அருகருகே உள்ள சில பள்ளிகளின் தொகுப்பு) வாரியாக எழுதுங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஆசிரியர் எண்ணிக்கை, நம் உறுப்பினர், பிற சங்க உறுப்பினர், எதிலும் இல்லாதவர், 2009 ஜூனுக்குப் பின் நியமனம் ஆனவர், பங்களிப்பு ஓய்வூதியத்தில் இருப்பவர், தகுதிகாண் பருவம் முடியாதவர். ஒவ்வொரு குறுவள மையத்துக்கும் ஒரு தொடர்பாளர் போதும். அவர் பேச்சாளராக இருக்க வேண்டியதில்லை. தொலைபேசியை எடுப்பவராகவும், எண்ணைச் சரியாகச் சொல்பவராகவும் இருந்தால் போதும்.

வாட்ஸ்அப் குழுவில் "வருவேன்" என்று கைகூப்பியவர்களை எண்ணிக் கொள்ளாதீர்கள். நேரில் பள்ளிக்குப் போய், மாலை நாலேகாலுக்குப் பிறகு பத்து நிமிடம் பேசி, "வெள்ளிக்கிழமை யார் யார் வண்டியில் வருகிறீர்கள், யாருக்குப் பின்னால் இடம் வேண்டும்?" என்று கேட்டு எழுதிக் கொள்வதுதான் உண்மையான எண்ணிக்கை. தொடக்கப் பள்ளிகளில் பெண் ஆசிரியர்கள்தான் அதிகம். வீட்டுக்குப் போகும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதும் அந்தப் பட்டியலில் ஏறட்டும், கூட்டத்தின் நேரத்தை அதுதான் தீர்மானிக்கும்.

4. மனு எழுதுதல்

ஒரு மனுவில் ஒரே அதிகாரியின் அதிகாரத்துக்குட்பட்ட கோரிக்கைகள் மட்டும். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. முதல் பத்தியில் கேட்பது என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். அடுத்து, எந்த அரசாணை அல்லது விதி. பிறகு, பாதிக்கப்பட்டவர் எண்ணிக்கை. கடைசியில், எந்தத் தேதிக்குள் பதில் எதிர்பார்க்கிறீர்கள் என்பது. கணக்குத் தாளும் ஊதியச் சீட்டுகளும் இணைப்பில் போகட்டும்.

இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் தபால் பிரிவின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அதிகாரியிடம் நேரில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவது பலரின் வழக்கம். படத்தில் கோப்பு எண் இருக்காது. முத்திரை இட்ட நகலோடு ஒரு வாரம் கழித்துப் போய், "இது எந்தப் பிரிவுக்குப் போயிருக்கிறது, நடப்புக் கோப்பு எண் என்ன?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த கடிதம் எல்லாவற்றிலும் அந்த எண் பார்வையில் வர வேண்டும்.

தனிநபர் குறைகளைச் சங்கத்தின் மனுவுக்குள் நுழைக்காதீர்கள். பாதிக்கப்பட்டவர் தலைமையாசிரியர் வழியாக உரிய வழியில் தனி விண்ணப்பம் கொடுக்க வேண்டும். சங்கம் அதன் நகலை வைத்துப் பின்தொடரலாம். இல்லையென்றால் "விண்ணப்பமே வரவில்லை" என்ற பதில் தயாராக இருக்கும்.

5. தகவல் அறியும் உரிமை: மனு கொடுத்த மறுநாளே

மனுவுக்குப் பதில் வராமல் காத்திருந்து, பிறகு தகவல் கேட்டால் இரண்டு மாதம் வீணாகும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடட்டும்.

10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். பதிலுக்கு 30 நாள். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு.

"ஏன் இன்னும் ஊதிய முரண்பாடு களையப்படவில்லை?" என்று கேட்டால், காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இந்த வட்டாரத்தில் 1.6.2009-க்குப் பின் நியமிக்கப்பட்ட இடைநிலை ஆசிரியர்களின் எண்ணிக்கை, பள்ளிவாரி. இந்தத் தேதியில் அனுப்பிய மனு மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல். ஒப்பளிக்கப்பட்ட பணியிடம், நிரப்பப்பட்டது, காலி. ஒரு விண்ணப்பத்தில் ஐந்து கேள்விகளுக்கு மேல் வேண்டாம். சங்கத்தின் பெயரில் கேட்காமல் ஓர் உறுப்பினர் தன் பெயரில் கேட்க வேண்டும். சட்டம் உரிமையைக் குடிமகனுக்குத்தான் கொடுத்திருக்கிறது.

6. நாள்காட்டி

மாநில வரவு செலவுத் திட்டம் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். செலவு சார்ந்த எந்தக் கோரிக்கையும் அதற்குச் சில மாதம் முன்பே துறையிலிருந்து நிதித்துறைக்குப் போயிருக்க வேண்டும். மார்ச் மாதம் கோட்டை முன் நின்று கேட்பது, பந்தி முடிந்த பிறகு இலை போடச் சொல்வதுபோல. ஆகஸ்டு, செப்டம்பரில் கணக்கும் மனுவும்; அக்டோபர், நவம்பரில் மாவட்ட, மாநில அளவில் அழுத்தம்; மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன் சட்டமன்ற உறுப்பினர்களிடம் ஒரு பக்கக் கணக்குத் தாள். இந்த வரிசை பொருந்தும்.

தேர்தல் அறிவிப்பு வந்து நடத்தை விதிகள் அமலாகிவிட்டால் புதிய சலுகை ஆணை எதுவும் வராது. காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வு வாரங்களையும் தவிருங்கள். பெற்றோர் கோபம் சங்கத்தின் மேல் திரும்பினால் மீட்பது கடினம்.

7. போராட்ட வடிவங்களின் வரிசை

கோரிக்கை அட்டை அணிதல், கையெழுத்து இயக்கம், மாலை நேர ஆர்ப்பாட்டம், விடுமுறை நாள் உண்ணாவிரதம், மாவட்டத் தலைநகரில் பேரணி, சென்னையில் பெருந்திரள் முறையீடு, மறியல், ஒருநாள் அடையாள வேலைநிறுத்தம், காலவரையற்ற வேலைநிறுத்தம். இது வெறும் சம்பிரதாய வரிசை இல்லை. ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு ஆள் இருக்கிறதா என்று அளந்து பார்க்கும் கருவி.

அட்டை அணிய வேலை நேரத்தை இழக்க வேண்டியதில்லை, ஊதியப் பிடித்தமும் இல்லை. அதையே நூறில் நாற்பது பேர்தான் அணிந்தார்கள் என்றால், மறியலுக்குப் பத்துப் பேர் வருவதே சந்தேகம். அந்த நிலையில் மேலே ஏறாமல், பள்ளிக்குப் பள்ளி போய்ப் பேசும் வேலைக்குத் திரும்ப வேண்டும். எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லி மாநில மையத்துக்கு அறிக்கை அனுப்பாதீர்கள். மையம் அந்த எண்ணை நம்பி வேலைநிறுத்தம் அறிவித்தால், நம்பி இறங்கும் ஆசிரியர்தான் தனியாக நிற்பார்.

ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் குறைந்தது பதினைந்து நாள் விடுங்கள். அதற்குள் ஒரு கடிதம்: "இன்ன தேதியில் இத்தனை பேர் கலந்துகொண்ட ஆர்ப்பாட்டம் நடந்தது, கோரிக்கை நிலுவையில் உள்ளது, அடுத்து இது." அதன் ஒப்புகையும் கோப்புக்குப் போகட்டும்.

8. ஆர்ப்பாட்ட நாள்

காவல்துறை அனுமதி விண்ணப்பத்தைப் பத்து நாளுக்கு முன்பே கொடுங்கள். சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவு குறைந்தது 5 நாள் முன்பே கேட்கச் சொல்கிறது. இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, ஒலிபெருக்கி எண்ணிக்கை, பொறுப்பாளர் இருவரின் கைபேசி எண்கள் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். மறுத்தால் எழுத்தில் வாங்குங்கள். முந்தைய நாள் மாலை வாய்மொழியாக மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தை அணுக நேரமே இருக்காது. பத்து நாள் முன்பு கேட்கச் சொல்வது அதனால்தான்.

அமைதியான ஆர்ப்பாட்டம் பேச்சுரிமைக்குள் வருவது என்று உச்ச நீதிமன்றம் 1962-இல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் கூறியிருக்கிறது. அதே தீர்ப்பு, வேலைநிறுத்தத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் கூறுகிறது. ஆகவே பணி நேரம் முடிந்த பிறகு, அலுவலக வளாகத்துக்கு வெளியே என்ற இரண்டையும் விட்டுவிடாதீர்கள். அலுவலக வளாகக் கூட்டங்களை அரசு ஊழியர் நடத்தை விதி 22-ஏ தடுக்கிறது. சுற்றுச்சுவருக்கு உள்ளே நின்றோமா வெளியே நின்றோமா என்பதுகூட நாளைக்குக் குறிப்பாணையில் (விளக்கம் கேட்கும் மெமோ) வரும்.

மாலை 5 மணிக்குத் தொடங்கி 6 மணிக்கு முடிக்கும் ஆர்ப்பாட்டம் என்றால், முதல் முழக்கம் 5 மணிக்கே எழ வேண்டும். பேச்சாளர் நால்வர், ஒருவருக்கு ஐந்து நிமிடம், மீதி முழக்கத்துக்கும் கோரிக்கை விளக்கத்துக்கும். பத்துச் சங்கப் பொறுப்பாளர்களும் வாழ்த்திப் பேசத் தொடங்கினால் ஐந்தே முக்காலுக்கு முன்வரிசைப் பெண்கள் பையைத் தோளில் மாட்டுவார்கள்.

200 பேருக்கு, தலைக்கு அரை லிட்டர் வைத்தாலும் 100 லிட்டர். 20 லிட்டர் கேன் ஐந்து. கழிப்பறை வசதி பக்கத்தில் எங்கே என்று முன்பே பார்த்து, தொடர்பாளர்களிடம் சொல்லிவையுங்கள். இதைப் பெரும்பாலும் ஆண் பொறுப்பாளர்கள் மறந்துவிடுகிறார்கள். அடுத்த கூட்டத்துக்குப் பெண்கள் ஏன் வரவில்லை என்று பிறகு கேட்கிறார்கள். முதலுதவிப் பை, நீரிழிவு உள்ளவர்களுக்குக் கொஞ்சம் பிஸ்கட், வருகைப் பதிவுத் தாள் பள்ளிவாரியாக. அந்தத் தாள் சங்கத்தின் உள்பயன்பாட்டுக்கு மட்டும். படம் எடுத்துக் குழுவில் போடக் கூடாது.

செலவுக்கு வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. மூன்று நாளுக்குள் வரவு செலவைக் குழுவில் வெளியிடுங்கள். கணக்கு தாமதமானால் அடுத்த நிதி திரளாது.

9. வேலைநிறுத்தம்: எல்லோரும் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்

வேலைநிறுத்தத்தை மாநில மையமோ கூட்டமைப்போதான் அறிவிக்கும். வட்டாரத்தின் வேலை, இறங்குபவர் ஒவ்வொருவரும் விளைவு தெரிந்து இறங்குவதை உறுதிசெய்வது. தெரியாமல் இறக்கிவிட்டு "சங்கம் பார்த்துக்கொள்ளும்" என்பது துரோகம்.

1973-ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 20, 22, 22-ஏ ஆகியவை குறிப்பாணைகளில் எடுத்தாளப்படும். 'வேலை இல்லையேல் ஊதியம் இல்லை' என்ற சுற்றறிக்கை வரும். ஒட்டுமொத்தத் தற்செயல் விடுப்பு ஏற்கப்படாது. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில், 2002-இல் இயற்றிய அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைக் கொண்டு சுமார் 1.7 லட்சம் பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் ரங்கராஜன் வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றது. 2019 ஜனவரி 22 முதல் 30 வரை ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தில் 17 பி குற்றச்சாட்டுகளும் (பெரிய தண்டனை வரை போகக்கூடிய ஒழுங்கு நடவடிக்கை) இடமாறுதல்களும் வந்தன. மாதம் 10,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களை வைக்கவும் அறிவிப்பு வந்தது. இதையெல்லாம் ஆயத்தக் கூட்டத்தில் மறைக்காமல் சொல்லுங்கள்.

தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்கள், ஓய்வுக்கு ஓராண்டுக்குள் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரை முன்னணியில் நிறுத்தாதீர்கள். தகுதிகாண் பருவத்தில் பணிமுறிவு ஏற்பட்டால் முடிக்கும் தேதி தள்ளிப்போகும், ஓய்வுபெறும் நேரத்தில் குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால் ஓய்வூதியப் பலன்கள் நிற்கும். இவர்களுக்கு நிதி, தொடர்பு, கணக்கு வேலைகளைக் கொடுங்கள்.

மறியலில் கைதானால் வழக்கமாகத் திருமண மண்டபத்தில் வைத்து மாலையில் விடுவிப்பார்கள். பெயர்ப் பட்டியலில் உங்கள் ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்களா, எல்லோரும் வெளியே வந்தார்களா என்று எண்ணிச் சரிபார்த்த பிறகுதான் பொறுப்பாளர் கிளம்ப வேண்டும். சிறைக் காவலுக்கு அனுப்பினால் கவனம்: 48 மணி நேரத்தைத் தாண்டினால் தற்காலிகப் பணிநீக்கமாகக் கருதப்படும். வழக்கறிஞரின் எண் எல்லோர் கைபேசியிலும் இருக்கட்டும், ஒரு தாளிலும் எழுதிப் பையில் இருக்கட்டும். கைபேசி வாங்கி வைக்கப்படலாம்.

17 பி குறிப்பாணை வந்தால் பதற்றத்தில் அன்றே பதில் எழுதுவதும், வாங்க மறுப்பதும் தவறு. தேதி போட்டுக் கையெழுத்திட்டு வாங்குங்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரமான ஆவணங்களைப் பார்வையிட அனுமதி கேட்டு, கொடுத்த கெடுவுக்குள் எழுதுங்கள். நூறு பேருக்கும் ஒரே அச்சு விளக்கம் கொடுத்தால், அன்று மருத்துவ விடுப்பில் இருந்தவரும் வேலைநிறுத்தத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ஒவ்வொருவரின் வருகைப் பதிவையும் பார்த்துத் தனித்தனியாக எழுத வேண்டும்.

பெற்றோரிடம் முன்கூட்டியே பேசுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கணக்குத் தாளைக் கொடுத்து, விடுபடும் பாடங்களை எந்தச் சனிக்கிழமைகளில் ஈடுசெய்வோம் என்று தேதியோடு சொல்லுங்கள். தொடக்கப் பள்ளியில் காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் வரும் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வார் என்பதைச் சத்துணவு அமைப்பாளரோடும் தலைமையாசிரியரோடும் பேசி முடித்த பிறகுதான் பூட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும்.

10. பேச்சுவார்த்தை

மூன்று முதல் ஐந்து பேர். பேச ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர், கணக்குத் தாளோடு ஒருவர். உள்ளே போகும் முன், எதற்குச் சம்மதிக்கலாம், எதற்குச் செயற்குழுவைக் கேட்க வேண்டும் என்று எழுதிவைத்திருங்கள். உள்ளே எல்லோரும் மாறி மாறிப் பேசினால், மிகக் குறைவாகக் கேட்டவரின் வாக்கியம்தான் அவர்கள் குறிப்பில் ஏறும்.

"குழு அமைக்கிறோம்" என்பது அடிக்கடி வரும் பதில். 2022 டிசம்பரில் சென்னைக் கல்வி வளாகத்தில் இடைநிலை ஆசிரியர்கள் உண்ணாவிரதம் இருந்தபோது, 2023 புத்தாண்டு நாளில் மூவர் குழு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் அவர்கள் அதே வளாகத்தில் மறுபடியும் உட்கார வேண்டியிருந்தது. குழு என்றால் நான்கு கேள்விகளை அங்கேயே கேளுங்கள்: ஆணை எண் என்ன, ஆய்வு வரம்பு என்ன, அறிக்கைக்குக் கெடு எது, சங்கங்களின் கருத்தை எந்தத் தேதியில் கேட்கும்? கெடு இல்லாத குழுவை ஏற்று உண்ணாவிரதப் பந்தலைப் பிரித்தால், மறுபடி பந்தல் போட ஓராண்டு ஆகும்.

வெளியே வந்ததும் மைக்கைப் பிடிக்காதீர்கள். அன்று இரவுக்குள் "இன்று நடந்த பேச்சில் கீழ்க்காண்பவை ஒப்புக்கொள்ளப்பட்டன" என்று ஒரு கடிதம் அனுப்புங்கள். மறுப்பு வராவிட்டால் அதுவே உங்கள் ஆவணம். இயக்கத்தைத் திரும்பப் பெறுவதைச் செயற்குழு கூடி முடிவெடுத்த பிறகே அறிவியுங்கள். முதல் கோரிக்கையாக, இயக்கத்தில் பங்கேற்றவர்கள் மீதான வழக்குகளையும் குறிப்பாணைகளையும் ரத்து செய்வதை எழுத்தில் கேளுங்கள். 2019 நடவடிக்கைகளை விலக்கிக்கொள்வதான அறிவிப்பு வர 2021 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் பதவி உயர்வு நின்றவர்களின் இழப்பு யாருடைய கணக்கிலும் வரவில்லை.

11. அரசாணை வந்த பிறகு

சட்டமன்ற அறிவிப்போ, பத்திரிகைச் செய்தியோ கருவூலத்தில் செல்லாது. அரசாணை வேண்டும், அதன் மேல் இயக்குநரின் செயல்முறைகள் (அதை நடைமுறைப்படுத்தச் சொல்லும் உத்தரவு) வேண்டும், களஞ்சியத்தில் அதற்கான வழி திறக்க வேண்டும். மூன்றும் ஆகும்வரை பட்டாசு வேண்டாம்.

ஆணையைக் கையில் வாங்கியதும் நான்கு இடங்களைப் படியுங்கள். எந்தத் தேதி முதல் கருத்தியலாக (கணக்கில் மட்டும்), எந்தத் தேதி முதல் பணப்பயனாக (கையில்)? அரசாணை 303-இல் கருத்தியலாக 1.1.2016, பணப்பயன் 1.10.2017, நடுவில் உள்ள 21 மாதத்துக்கு நிலுவை இல்லை. யார் யாருக்குப் பொருந்தும்? விருப்பப் படிவம் கொடுக்க வேண்டுமா, கெடு எது? ஏற்கெனவே வாங்கும் தனி ஊதியம் தொடருமா, கழிக்கப்படுமா?

விருப்பப் படிவத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஊதிய உயர்வு ஜனவரியா, ஏப்ரலா, ஜூலையா, அக்டோபரா என்பதைப் பொறுத்து எந்தத் தேதியில் புதிய ஊதியத்துக்கு வருவது லாபம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். குறுவள மையம் வாரியாக ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, ஒவ்வொருவரின் பணிப்பதிவேட்டு நகலையும் வைத்து இரண்டு தேதிக்கும் கணக்குப் போட்டுக் கொடுங்கள். கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது தொடங்கினால் பாதிப் பேர் பக்கத்து ஆசிரியரின் படிவத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

ஊதிய நிர்ணயம் பணிப்பதிவேட்டில் ஏறி, அலுவலரின் கையெழுத்து விழுந்ததா என்று ஒவ்வொருவரும் நேரில் பார்க்க வேண்டும். களஞ்சியத்தில் புதிய ஊதியம் வந்துவிட்டதால் பதிவேட்டை விட்டுவிட்டால், பின்னால் தணிக்கை வந்து மிகையூதியம் என்று பிடித்தம் போடும்போது காட்ட எதுவும் இருக்காது. நிலுவைப் பட்டியலில் உங்கள் வட்டாரத்தில் யார் பெயர் விடுபட்டது என்பதை முதல் மாதத்திலேயே 3-ஆம் பகுதியில் தயாரித்த பள்ளிவாரிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடுபடுபவர்கள் பெரும்பாலும் அந்த ஆண்டு மாறுதலில் வேறு ஒன்றியத்துக்குப் போனவர்களும், மகப்பேறு விடுப்பில் இருந்தவர்களும்தான். பழைய ஒன்றியம் பட்டியல் போட வேண்டிய மாதங்கள் எவை, புதிய ஒன்றியம் போட வேண்டியவை எவை என்று பிரித்து எழுதி, இரண்டு அலுவலகத்துக்கும் தனித்தனி விண்ணப்பம் கொடுக்கச் சொல்லுங்கள்.